ஒரு நிமிஷம் ஓடிய இன்ஜின்



நியூட்டன் ஒரு மனிதர். வாட் ஒரு மனிதர். பாஸ்கல், ஜூல், கெல்வின் எல்லோரும் மனிதர்கள்தாம். யூனிட் போட மறந்தால் மார்க் போய்விடும் என்ற பயத்திலாவது அவர்கள் பெயரை நாம் தினமும் மரியாதையாக எழுதுகிறோம். ஆனால் ஒரே ஒரு மனிதரின் பெயரை மட்டும் கேனில் பிடிக்கிறோம், டேங்கில் ஊற்றுகிறோம், கையில் பட்டால் பனியன் வேஸ்ட்டில் துடைத்து எறிகிறோம். அந்த மனிதர்தான் ருடால்ஃப் டீசல்!

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் பாலிடெக்னிக் சேரும் வரை அப்படித்தான். அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது புத்தகம் அல்ல, எங்க வீட்டு வண்டி.

எங்க அப்பாவிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. என்னைவிட வயதில் மூத்தது. தேங்காய், வாழைத்தார், சந்தைக்குப் போகும் காய்கறி என்று எது கிடைக்கிறதோ அதை ஏற்றும். எங்க வீட்டில் அடுப்பு எரிவதே அது ஓடுவதால்தான். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு நாள் வாடகையும் போச்சு, லேபரும் போச்சு. அதனால் முடிந்த வேலையை எல்லாம் வீட்டு வாசலிலேயே அப்பாவும் நானும் பார்த்துவிடுவோம். அப்பாவுக்குக் கை தெரியும். எனக்கு இப்போதுதான் காரணம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. இந்த இன்ஜினில் பிளக் ஏன் இல்லை, இவ்வளவு கனம் ஏன், கொஞ்சம் காற்று புகுந்தால் ஏன் படுத்துவிடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் எல்லாப் பாதையும் அந்த ஜெர்மானியரிடம்தான் போய் முடிகிறது.

பாரீஸில் பிறந்த ஜெர்மானியப் பையன்

ருடால்ஃப் டீசல் பிறந்தது 1858 மார்ச் 18-ம் தேதி, பாரீஸ் நகரில். அப்பா தியோடர் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலாளி. பிறகு தோல் சாமான் செய்து பிழைத்தவர். அம்மா எலிஸ். இருவரும் பவேரியா பகுதியிலிருந்து பிழைப்புக்காகப் பாரீஸ் போனவர்கள். அப்பா செய்த சரக்கை வண்டியில் தள்ளிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்து வருவது பையனின் வேலை. மிச்ச நேரத்தில் பாரீஸிலிருந்த தொழில்நுட்பக் காட்சிசாலைக்கு ஓடிவிடுவான். நிக்கோலா குன்யோ என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த நீராவி வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது.

பன்னிரண்டாம் வயதில் பள்ளியில் வெண்கலப் பதக்கம் வாங்கினான். அதே 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டது. ஜெர்மானியர் எல்லாம் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றானது. குடும்பம் லண்டனுக்குப் போய்க் கஷ்டப்பட்டது. பையனை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அங்கிருந்த தொழிற்பள்ளியில் பையனைச் சேர்த்துவிட்டார். பதினான்கு வயதில், நான் இன்ஜினியர்தான் ஆவேன் என்று ருடால்ஃப் வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டான். 1873-ல் பள்ளியில் முதல் மாணவன். 1875-ல் மியூனிக் பாலிடெக்னிக்கில் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. வேலைக்குப் போய் நாலு காசு அனுப்பினால் தேவலை என்று பெற்றோர் நினைத்தார்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டில் நடந்த கதை இது!

பாலிடெக்னிக் என்றதும் நம்ம டிப்ளமோ மாதிரி என்று எண்ணிவிட வேண்டாம். அது பல்கலைக்கழகத் தரத்தில் இருந்த கல்லூரி. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நம்ம ஆள்தான். 1879-ல் கடைசிப் பரீட்சை நேரத்தில் டைஃபாய்டு வந்து படுத்துவிட்டார். அடுத்த பரீட்சை வரும் வரை சும்மா இருக்காமல் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரிலிருந்த சுல்சர் தொழிற்சாலைக்குப் போய்க் கையால் வேலை கற்றார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி முதல் தரத்தில் தேறினார். இடையில் கிடைத்த மாதங்களை எப்படிச் செலவழிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பறையில் விழுந்த பொறி

மியூனிக்கில் அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் லிண்டே. குளிர்சாதன இயந்திரத்தை உலகுக்குத் தந்தவர்களில் முக்கியமானவர். அந்தக் காலத்து நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் பத்து சதவீதத்தைக்கூட வேலையாக மாற்றுவதில்லை, மிச்சமெல்லாம் வீண் என்று லிண்டே வகுப்பில் விளக்கினார். கார்னோ சுழற்சி என்று நாமும் போர்டைப் பார்த்து எழுதுகிறோமே, அதே பாடம்தான். நாம் படம் வரைந்து பெட்டி கட்டி வைத்துவிடுகிறோம். டீசல் மட்டும், இந்த வீணடிப்பைக் குறைக்க ஓர் இயந்திரம் செய்ய முடியாதா என்று நோட்டுப் புத்தகத்திலேயே குறித்து வைத்துக்கொண்டார். அப்போது 1878.

அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் ஐஸ் தயாரிக்கும் இயந்திரங்களோடு பிழைப்பு ஓடியது. முதலில் பாரீஸ், 1890 முதல் பெர்லின். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள். நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியை வைத்து ஒரு இன்ஜின் செய்து பார்த்தார், சரிப்படவில்லை. பிறகுதான் காற்றின் பக்கம் திரும்பினார்.

யோசனை எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? காற்றை அமுக்கினால் சூடாகும். ரொம்பவும் அமுக்கினால், எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். அந்த நேரம் பார்த்து எரிபொருளை உள்ளே விட்டால் போதும்; தீப்பொறி எதற்கு, பிளக் எதற்கு? 1892-ல் பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார். 1893-ல் தன் கொள்கையைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

ஆக்ஸ்பர்க் ஒர்க்‌ஷாப்

காகிதத்தில் அவர் போட்ட கணக்கு 250 அட்மாஸ்பியர் அழுத்தம். அதைத் தாங்கும் இன்ஜினை அன்றைக்கு யாராலும் செய்ய முடியாது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் புட்ஸ் முதலில் முடியாது என்றுதான் சொன்னார். டீசல் பிடிவாதம் பிடிக்காமல் அழுத்தத்தைப் பெருமளவு குறைத்துப் புதுக் கணக்கோடு போனார். புட்ஸ் சம்மதித்தார். க்ரூப் நிறுவனமும் பணம் போட்டது.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. வெளியிலிருந்து பெல்ட் போட்டு இன்ஜினைச் சுற்றிவிட்டு எரிபொருளை உள்ளே செலுத்தினார்கள். குண்டு போட்ட மாதிரி சத்தம்! அழுத்தத்தை அளக்க மாட்டியிருந்த இண்டிகேட்டர் உடைந்து சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பியது அதிர்ஷ்டம். இன்ஜின் ஓடவில்லை. ஆனாலும் டீசலுக்குச் சந்தோஷம். பொறியே இல்லாமல் தீப்பிடிக்கும் என்று நிரூபணம் ஆகிவிட்டதே!

அப்புறம் பிரித்தார்கள், பூட்டினார்கள். பிஸ்டன் ரிங் வழியே அழுத்தம் கசிந்தது, மாற்றினார்கள். வால்வு சரியாக உட்காரவில்லை, திருத்தினார்கள். எரிபொருளைத் தூளாகத் தெளிக்கும் வழி பிடிபடவில்லை; காற்றழுத்தத்தோடு சேர்த்து ஊதிப் பார்த்தார்கள். 1894 பிப்ரவரி 17-ம் தேதி அந்த இன்ஜின் முதல்முறையாகத் தன் சொந்த பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம்? ஏறக்குறைய ஒரே ஒரு நிமிஷம்! ஓட்டிவிடும் பெல்ட் திடீரென்று தளர்ந்து, இன்ஜினே பெல்ட்டை இழுப்பதை முதலில் கவனித்தவர் லிண்டர் என்ற மெக்கானிக் என்றும், அவர் பேசாமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார் என்றும் சொல்வார்கள்.

அந்த ஒரு நிமிஷத்தை நாள் முழுக்க ஓட வைக்க இன்னும் மூன்று வருஷம் ஆனது. 1897 பிப்ரவரி 17-ல் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி சோதித்தார். சிலிண்டர் விட்டம் 250 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 400 மில்லிமீட்டர், ஒரே சிலிண்டர், கிட்டத்தட்ட 20 குதிரைத்திறன். வெப்பத்திறன் 26.2 சதவீதம்! உலகில் அன்று எந்த இன்ஜினும் கிட்ட வர முடியாத எண் அது. அந்த இன்ஜின் மியூனிக் டாய்ச்செஸ் மியூசியத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

அதே பாடம், எங்க வாசலில்

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் எங்க வண்டிக்கு வருகிறேன். ஆக்ஸ்பர்க்கில் டீசல் சந்தித்த தொல்லைகள் எல்லாமே ஒரு பழைய டீசல் வண்டியில் இன்றைக்கும் அதே வரிசையில் வருகின்றன. அவை மூன்றே மூன்று கேள்விகள். காற்று போதுமான அளவு அமுங்குகிறதா? டீசல் தூளாகத் தெளிக்கிறதா? சரியான நேரத்துக்குத் தெளிக்கிறதா?

காலையில் செல்ஃப் அடிக்கிறோம். வெள்ளைப் புகை வருகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது சரி என்றால் சந்தேகம் ரிங் மீதும் வால்வு மீதும் போகும். ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச நேரத்தில் நின்றுபோகிறதா? பெரும்பாலும் ஏர் எடுத்திருக்கும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. லைனில் காற்றுக் குமிழி இருந்தால் பம்ப் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பிரைமரை அமுக்கிக்கொண்டே இருந்தால் நுரை வந்து, பிறகு குமிழி இல்லாத டீசல் வரும். அப்போது முடுக்க வேண்டும். அத்தோடு விட்டால் நாளைக்கும் இதே வேலைதான். காற்று எங்கே நுழைந்தது என்று செம்பு வாஷரையும் ஹோஸையும் பார்த்து மாற்றினால்தான் தீரும்.

கறுப்புப் புகை என்றால் எரிக்கக் காற்று போதவில்லை, இல்லாவிட்டால் நாசில் தெளிக்காமல் சொட்டுகிறது. ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். செலவில்லாத வேலை அதுதான். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது; பர்ஸைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட்டால் பம்ப்புக்கு ஆயுசு கெட்டி. ஒன்றே ஒன்று எச்சரிக்கை: நாசில் தெளிக்கும் இடத்தில் கையை மட்டும் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கையையே இழக்க நேரலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் வண்டி இழுவை குறைந்து, எஃப்.சி. புகைச் சோதனையில் நின்றுபோகும் நிலை வந்தது. வித்துத் தொலையுங்கள் என்று பலர் அப்பாவுக்கு யோசனை சொன்னார்கள். பழைய இரும்பு விலைக்குக் கேட்டும் ஒருவர் வந்தார். புது வண்டிக்குக் கடன் வாங்கினால் தங்கச்சி படிப்பு நிற்கும். நாங்கள் கம்ப்ரஷன் பார்த்தோம்; நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட சமமாக நின்றது. ஆகவே இன்ஜினின் அடிவயிறு கெடவில்லை, கோளாறு மேலேதான் என்று தெரிந்தது. நாசில்களைக் கழற்றிப் பம்ப் ரூமில் கொடுத்து அழுத்தம் செட் பண்ணி வாங்கி வந்தோம். டாப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்தோம். வண்டி எஃப்.சி. பாஸ் ஆனது. இன்றும் சந்தைக்குப் போகிறது. தங்கச்சியும் பள்ளிக்கூடம் போகிறாள்.

வெற்றியும் வீழ்ச்சியும்

டீசலின் கதையில் வேதனையான பகுதி இனிமேல்தான். 1897 சோதனைக்குப் பிறகு உலகம் அவர் வாசலில் வந்து நின்றது. அமெரிக்க உரிமையை மட்டும் அடால்ஃபஸ் புஷ் என்பவர் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். ரஷ்யாவுக்கான உரிமையை நோபல் குடும்பம் வாங்கியது. நாற்பது வயதில் டீசல் பெரும் பணக்காரர். மியூனிக்கில் அரண்மனை போல் வீடு.

ஆனால் சோதனைக்கூடத்தில் ஓடியது வேறு, வாடிக்கையாளர் இடத்தில் ஓடுவது வேறு. 1898-ல் முதல் இன்ஜின் கெம்ப்டன் ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனது. அதன் பின் போன பல இன்ஜின்கள் பழுதாகி நின்றன. இதைத் திறந்து பூட்டத் தெரிந்த ஆட்கள் அந்தந்த ஊரில் இல்லை. ஆக்ஸ்பர்க்கில் டீசல் இன்ஜினுக்கென்றே தொடங்கிய புது ஃபேக்டரி சீக்கிரமே உற்பத்தியை நிறுத்தியது. பேட்டன்ட் வழக்குகள் வேறு. உடலும் மனமும் தளர்ந்து 1898-ல் டீசல் ஓய்வு விடுதியில் சேர வேண்டியதாயிற்று.

இன்ஜினைக் காப்பாற்றியது யார் தெரியுமா? ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் தொடர்ந்து வேலை பார்த்த இமானுவேல் லாஸ்டரும் பெயர் தெரியாத ஃபிட்டர்களும். வால்வு வால்வாக, பைப் பைப்பாகத் திருத்தி அதை நம்பகமான இயந்திரமாக ஆக்கினார்கள். அந்தத் தொழிற்சாலைதான் பின்னாளில் எம்.ஏ.என். ஆனது.

இதற்கிடையே 1900 பாரீஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. நம்ம ஊர் செக்கில் ஆட்டும் அதே கடலை எண்ணெய்! விவசாயி விளைவித்த எண்ணெயிலேயே இன்ஜின் ஓட வேண்டும் என்ற எண்ணம் டீசலுக்குக் கடைசி வரை இருந்தது. 1912-ல் டென்மார்க்கில் கட்டிய செலாண்டியா என்ற கப்பல் டீசல் இன்ஜினோடு கடல் தாண்டியது.

இன்ஜின் ஜெயித்தது, மனிதர் தோற்றுக்கொண்டிருந்தார். நிலத்திலும் பங்குகளிலும் போட்ட பணம் போய்விட்டது. கடன் கழுத்தை நெரித்தது. வெளியே மட்டும் அதே பெரிய வீடு, அதே கௌரவம்.

1913 செப்டம்பர் 29. லண்டனில் ஒரு கூட்டத்துக்காக பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பல் ஏறினார். நண்பர்களோடு சாப்பிட்டார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு இரவு பத்து மணி வாக்கில் அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேல்கோட்டும் தளத்தில் கிடந்தன. பத்து நாள் கழித்து டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுத்த பொருட்களைப் பார்த்து மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார். கிளம்பும் முன் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போன பையில் 20,000 மார்க் ரொக்கமும், கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று காட்டும் பாங்க் காகிதங்களும் இருந்தன. டைரியில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு சிலுவைக் குறி. என்ன நடந்தது என்பது நிரூபணமாகவில்லை. தற்கொலை என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். வயது 55.

பாய்லருக்கு சேஃப்டி வால்வு இல்லாமல் யாரும் தீ மூட்டுவதில்லை. அழுத்தத்தை அவ்வளவு அறிந்த மனிதர் தன் மனதிலிருந்த அழுத்தத்தை வீட்டாரிடம்கூடத் திறந்து சொல்லவில்லை என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அரியர், கடன், வீட்டுக் கஷ்டம் எது இருந்தாலும், தோழர்களே, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் நண்பனிடமாவது வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

நமக்கு மிச்சமிருக்கும் வேலை

டீசல் இறக்கும்போது அவர் இன்ஜின் லாரியில் ஏறியிருக்கவில்லை. எரிபொருளை ஊத ஒரு கம்ப்ரஸரும் கூடவே வேண்டியிருந்ததால் அது தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும்தான் பொருந்தியது. ப்ராஸ்பர் லோரான்ஜ் முன்னறை முறையைக் கொண்டுவந்தார். 1920-களில் டீசல் லாரிகள் வந்தன. 1927-ல் ராபர்ட் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. எங்க வாசலில் நிற்கும் வண்டி இத்தனை பேர் கையைத் தாண்டி வந்தது.

இன்று டீசல் புகை மீது நியாயமான குற்றச்சாட்டு இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்துவிட்டது. காமன் ரெயில், சென்சார், எலக்ட்ரிக் வண்டி என்று காலம் மாறுகிறது. மாறட்டும், அதையும் கற்போம். ஆனால் எந்த இயந்திரம் வந்தாலும், அது சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்து ஒரு சாதாரணக் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டுமானால், அதைத் திறந்து பார்த்து, காரணம் புரிந்து, திரும்பப் பூட்டத் தெரிந்த ஒரு ஆள் அந்த ஊரில் இருக்க வேண்டும். 1898-ல் டீசலுக்கு இல்லாமல் போனது அந்த ஆள்தான்.

டிப்ளமோ என்றால் பாதிப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது நம்மில் சிலர் தலை குனிகிறோம். குனிய வேண்டாம்! கண்டுபிடித்தவர் ஓட்டிக் காட்டியது ஒரு நிமிஷம். அதை நூறு வருஷத்துக்கு மேல் ஓட வைத்தது லிண்டர், லாஸ்டர் முதல் ஊர் ஊராக இருக்கிற மெக்கானிக்குகள் வரை நீளும் ஒரு வரிசை. அந்த வரிசையில் அடுத்து நிற்பது நாம்தான். ஸ்பேனரையும் பிடிப்போம், காரணத்தையும் படிப்போம்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை